புக்ககம் போன மேக்ரோ

பெண்ணைக் கட்டிக் கொடுத்த தாயார்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பிறந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு காப்பி கலந்த பெண், புக்ககம் போன முதல் நாள் சர்க்கரை டப்பாவைத் தேடித் தவிப்பாள். காப்பி கலக்கும் வித்தை மறந்தா போய்விட்டது? இல்லை. கை அதே கைதான். டிகாக்ஷனும் அதே டிகாக்ஷன்தான். டப்பா இருக்கும் இடம் மட்டும் வேறு. "சர்க்கரை எங்கே, அம்மா?" என்று மாமியாரை ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, பிறந்தகத்து வழக்கப்படி மூன்றாவது தட்டில் கையை விட்டு, அங்கே இருக்கும் உப்பை அள்ளிப் போட்டால்தான் வம்பு!

கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் வீடுகளிலும் காரியாலயங்களிலும் 'மேக்ரோ' என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. அதன் கதையும் ஏறக்குறைய இதே கதைதான். விண்டோஸ் யந்திரத்தில் வளர்ந்து, சமர்த்து என்று பெயரெடுத்த மேக்ரோ, ஆப்பிள் கம்பெனியின் 'மேக்' யந்திரத்துக்குப் போனதும் திருதிருவென்று விழிக்கும். லினக்ஸ் யந்திரத்துக்குப் போனால் சில சமயம் வாயே திறக்காது. ஏன் இப்படி, இதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதை இந்த வாரம் பார்ப்போம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மேக் என்பது யந்திரம். மேக்ரோ என்பது நாம் எழுதும் உத்தரவுச் சீட்டு. பெயர் ஒற்றுமையைப் பார்த்து இரண்டையும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்!

எக்ஸெல் என்ற கட்டம் போட்ட கணக்குத் தாள் இன்று எத்தனையோ வீடுகளில் பழக்கமாகிவிட்டது. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், கல்யாணச் செலவு எல்லாவற்றையும் அதில் எழுதுகிறோம். மாதா மாதம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தால், அந்த வேலையின் படிகளை வரிசையாய் எழுதி வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் யந்திரமே செய்துவிடும்படி ஏற்பாடு செய்யலாம். அந்த உத்தரவுச் சீட்டுக்குத்தான் மேக்ரோ என்று பெயர். எழுதத் தெரியாதவர்கள்கூட, "நான் செய்வதைப் பார்த்துக் குறித்துக்கொள்" என்று எக்ஸெலிடமே சொல்லலாம். நாம் செய்யச் செய்ய, கணக்குப் பிள்ளை மாதிரி அது எழுதிக்கொண்டே வரும்.

ஓர் அடுக்கு மாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 48 வீடுகள். சங்கத்தின் பொருளாளர் ஓர் அம்மாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் பிறந்தால் தண்ணீர் லாரிச் செலவை 48 பங்காய்ப் பிரிக்க வேண்டும். யார் யார் பாக்கி என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு ரசீது தயாரிக்க வேண்டும். காவல்காரருக்கும் பெருக்கிக் கூட்டும் பெண்ணுக்கும் சம்பளம் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அந்த அம்மாள் ராத்திரி ராத்திரியாய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு ஒரு மேக்ரோ எழுதினார். இரண்டு நாள் வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பொறுப்பு அடுத்த மாடிப் பெண்மணிக்குப் போகிறது. அவர் வீட்டில் இருப்பது மேக். முதல் தேதி காலையில் டெலிபோன் மணி அடிக்கிறது.

"அக்கா! பொத்தானை அழுத்தினேன். 429 என்று ஏதோ நம்பரைப் போட்டு இங்கிலீஷில் திட்டுகிறதே! நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா?"

"நீ ஒன்றும் கெடுக்கவில்லை, அம்மா. என்னிடம் நேற்றுக்கூட ஓடியதே! அதுதான் எனக்கும் புரியவில்லை."

இருவர் பேரிலும் குற்றமில்லை. ஆனால் காவல்காரருடைய சம்பளம் அன்றைக்கு நிற்கிறது. அவர் வீட்டில் அரிசி வாங்க வேண்டாமா? அதோடு போகிறதா? "அந்த அம்மாள் எழுதி வைத்ததே சரியில்லை" என்று மாடிப்படியில் இரண்டு பேர் பேசத் தொடங்குவார்கள். தாமாகக் கற்றுத் தாமாகச் செய்த வேலைக்கு இப்படி ஒரு பெயர் வந்தால் மனசு என்ன பாடுபடும்! உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கோ இது இன்னும் பெரிய விஷயம். பத்து வருஷம் ஒரு காரியாலயத்தில் சேர்த்து வைத்த சாமர்த்தியம், அடுத்த காரியாலயத்தில் வேறு யந்திரம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் செல்லாக் காசாகிவிடக் கூடாது.

இந்த வீடுகளின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட கணக்குத் தாள் பிரபலமானது 1979ல். டான் பிரிக்லின், பாப் ஃப்ராங்க்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள் ஆப்பிள் யந்திரத்துக்கு 'விசிகால்க்' என்ற ஒன்றைச் செய்தார்கள். 1983ல் ஐ.பி.எம். யந்திரத்துக்கு 'லோட்டஸ் 1-2-3' வந்தது. அதில் மேக்ரோவும் இருந்தது. எந்தெந்த விசையை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்பதை எழுதி வைத்தால், அந்தப்படியே தட்டிக் காட்டும். பிறகு வந்தது எக்ஸெல். இங்கேதான் வேடிக்கை! மைக்ரோஸாப்ட் கம்பெனியின் எக்ஸெல் முதன் முதலில் வந்தது விண்டோஸுக்கு அல்ல. 1985ல் மேக் யந்திரத்துக்கு. விண்டோஸ் வீட்டுக்கு அது வந்தது 1987ல்தான். அதாவது, மேக்தான் எக்ஸெலுக்குத் தாய் வீடு! இன்று நாம் எழுதும் மேக்ரோ மொழி 1993ல் விண்டோஸுக்கான ஐந்தாவது எக்ஸெலோடு வந்தது. அதைச் சுருக்கமாய் 'வி.பி.ஏ.' என்பார்கள்.

எக்ஸெல் இரண்டு வீட்டிலும் இருக்கிறது, வி.பி.ஏ. மொழியும் இருக்கிறது. பின் ஏன் தகராறு? மேக்ரோவில் இரண்டு வகை வரிகள் கலந்து கிடப்பதால்தான். ஒரு வகை, கணக்கைப் பற்றியது: கூட்டு, வகு, பாக்கியைக் கழி. இது எந்த வீட்டிலும் செல்லும். இன்னொரு வகை, வீட்டைப் பற்றியது: அந்த அலமாரியைத் திற, இந்த வேலைக்காரனைக் கூப்பிடு. வீடு மாறினால் உதைப்பது இந்த இரண்டாவது வகைதான். எங்கெங்கே உதைக்கும் என்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதலாவது, விலாசம். கம்ப்யூட்டரில் ஒரு தஸ்தாவேஜு எங்கே இருக்கிறது என்பதற்கு விலாசம் உண்டு. நம் ஊரில் கதவு எண், தெரு, பேட்டை என்று கமா போட்டு எழுதுகிறோம். விண்டோஸில் ஒரு பேருக்கும் அடுத்ததற்கும் நடுவே இடது பக்கம் சாய்ந்த கோடு போடுவார்கள். மேக்கிலும் லினக்ஸிலும் அதே கோடு வலது பக்கம் சாயும். ஆபீஸ் 2011 வரையில் மேக் மேக்ரோக்களில் கோடே கிடையாது, முக்காற்புள்ளி! ஒரு கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்காக மாதக் கணக்கே நின்று போகிறது என்றால் சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் "சி டிரைவில், என் பேர் போட்ட அறையில், கணக்கு என்ற பெட்டியில் பார்" என்று மேக்ரோவில் எழுதி வைத்தால், அந்த டிரைவே இல்லாத வீட்டில் அது எங்கே போய்ப் பார்க்கும்?

இதற்குப் பரிகாரம் சுலபம். "நீ இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறாய்?" என்று கணக்குத் தாளையே கேட்கலாம். 'திஸ் ஒர்க்புக் டாட் பாத்' என்பது அந்தக் கேள்வி. "இந்த வீட்டில் கோடு எந்தப் பக்கம் சாயும்?" என்று எக்ஸெலைக் கேட்கலாம். 'அப்ளிகேஷன் டாட் பாத் செபரேட்டர்' என்பது அந்தக் கேள்வி. இரண்டும் இரு வீட்டிலும் பதில் சொல்லும். சர்க்கரை எங்கே என்று மாமியாரைக் கேட்கிற மாதிரிதான். ஏறக்குறைய எல்லாப் பரிகாரங்களுக்கும் இதுவே சூட்சுமம்: நிச்சயமென்று எண்ணாதே, கேள்.

இரண்டாவது, இரவல் சாமான். விண்டோஸில் எழுதும்போது பல பேர் 'டிக்ஷனரி' என்ற ஒரு பாத்திரத்தை உபயோகிப்பார்கள். எந்த வீட்டுக்கு எவ்வளவு பாக்கி என்று பேர் போட்டு எடுத்து வைக்க மிகவும் சௌகரியமானது. ஆனால் அது எக்ஸெலின் சொந்தப் பாத்திரமல்ல; விண்டோஸ் வீட்டுப் பரணிலிருந்து இரவல் வாங்கியது. மேக்கில் அந்தப் பரண் இல்லை. அதனால்தான் 429 என்ற நம்பரோடு அந்தத் திட்டு! எக்ஸெல் மொழியிலேயே 'கலெக்ஷன்' என்று சொந்தப் பாத்திரம் ஒன்று உண்டு. கொஞ்சம் மட்டுத்தான், ஆனால் இரு வீட்டிலும் இருக்கும். 'ஆக்டிவ் எக்ஸ்' என்ற வகைப் பொத்தான்களும் மேக்கில் வேலை செய்யா. 'ஃபார்ம் கண்ட்ரோல்' வகைப் பொத்தானைப் போட்டால் இரண்டிலும் அழுந்தும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே, போடும்போதே பார்த்துப் போட வேண்டும்.

மூன்றாவது, வரியின் முடிவு. தட்டெழுத்து யந்திரம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு வரி முடிந்ததும் இரண்டு காரியம் நடக்கும். வண்டி இடது பக்க ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். காகிதம் ஒரு வரி மேலே ஏற வேண்டும். இந்த இரண்டுக்கும் கம்ப்யூட்டரில் தனித்தனி அடையாளம் உண்டு. விண்டோஸ், பழைய சம்பிரதாயம் விடாமல், வரி முடிவில் இரண்டையும் எழுதும். பழைய மேக், வண்டி திரும்பினால் போதும் என்றது. லினக்ஸும் இன்றைய மேக்கும், காகிதம் ஏறினால் போதும் என்கின்றன. இதனால் என்ன வரும் தெரியுமா? லினக்ஸ் வழக்கப்படி எழுதிய பாங்கிக் கணக்கு ஒன்றை, வரி வரியாய்ப் படிக்கும் விண்டோஸ் மேக்ரோவிடம் கொடுங்கள். 'லைன் இன்புட்' என்ற உத்தரவு வண்டி திரும்பும் அடையாளத்தைத் தேடித் தேடிப் பார்க்கும். காணாது. மாதம் பூராவும் நடந்த வரவு செலவையும் ஒரே வரியாய் விழுங்கிவிடும்! ஆகவே, ஒரேயடியாய்ப் படித்துக்கொண்டு, மூன்று வகை முடிவையும் ஒரே வகையாய் மாற்றிவிட்டுப் பிறகு பிரிப்பது புத்திசாலித்தனம்.

நாலாவது விஷயம் கொஞ்சம் பொல்லாதது. இதுவரை சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவை உடனே கூச்சல் போட்டுக் காட்டிக் கொடுக்கும். இதுவோ சத்தம் போடாமல் தப்புச் செய்யும். எக்ஸெல் தேதியை நாம் எழுதுகிற மாதிரி வைத்துக்கொள்வதில்லை. ஓர் ஆரம்ப நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று ஓர் எண்ணாய் வைத்துக்கொள்ளும். விண்டோஸில் அந்த ஆரம்பம் 1900ஆம் வருஷம். பழைய மேக் எக்ஸெலில் 1904ஆம் வருஷம். ஏன் இந்த நாலு வருஷ வித்தியாசம்? 1900ஆம் வருஷம் லீப் வருஷமல்ல. நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப். லோட்டஸ் 1-2-3 அதை லீப் வருஷமென்று எடுத்துக்கொண்டது. லோட்டஸ் கணக்குகள் தன்னிடமும் ஒத்து வர வேண்டுமே என்று எக்ஸெலும் அந்தத் தப்பைத் தெரிந்தே வைத்துக்கொண்டது. ஆகவே, 1900ஆம் வருஷம் பிப்ரவரி 29ந் தேதி என்று உலகத்தில் இல்லாத ஒரு நாள் எக்ஸெலில் மட்டும் இன்றைக்கும் இருக்கிறது! மேக்கோ 1904லிருந்து தொடங்கி அந்த வம்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டது.

இரண்டு ஆரம்பத்துக்கும் நடுவே 1462 நாள். அதாவது நாலு வருஷமும் ஒரு நாளும். பழைய மேக் தாளிலிருந்து தேதிகளை எடுத்து விண்டோஸ் தாளில் ஒட்டினால், எல்லாத் தேதியும் அவ்வளவு நாள் பின்னுக்குப் போய்விடும். பாங்கியில் போட்ட பணம் 2026ல் முதிர்கிறது என்றால், தாள் 2022 என்று காட்டும். இன்ஷூரன்ஸ் தவணைத் தேதியும் அப்படியே. யந்திரம் தப்பென்று சொல்லாது, கூட்டலும் கழித்தலும் சரியாகவே இருக்கும், நாமும் நம்பிவிடுவோம். ஆபீஸ் 2011 முதல் மேக் எக்ஸெலும் 1900 கணக்குக்கு வந்துவிட்டது. ஆனாலும் அதற்கு முன் பிறந்த தாள் அந்தப் பழைய கணக்கைத் தன்னோடு தூக்கிக்கொண்டே வரும். ஆகவே, பழைய தாளைக் கையில் வாங்கியதும், உங்களுக்கு நன்றாய்த் தெரிந்த ஒரு தேதியை, உங்கள் கல்யாண நாளையே, அதில் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வாசல் காவல். ஆபீஸ் 2016 முதல் மேக்கில் எக்ஸெலைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது. மேக்ரோ வேலிக்கு வெளியே இருக்கும் தஸ்தாவேஜைத் தொட்டால், "அனுமதி உண்டா?" என்று யந்திரம் நம்மைக் கேட்கும். 48 ரசீதைத் திறந்தால் 48 தரம் கேட்டாலும் கேட்கும். மொத்தமாய் ஒரே தடவையில் அனுமதி கேட்டு வாங்கவும் ஓர் உத்தரவு இருக்கிறது. விண்டோஸிலும் காவல் உண்டு. ஈமெயிலிலோ இணையத்திலோ வந்த தாளில் மேக்ரோ இருந்தால், 2022 முதல் அதை வாசலிலேயே நிறுத்திவிடும்படி மைக்ரோஸாப்ட் செய்திருக்கிறது. இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. 1999ல் 'மெலிஸா' என்ற நச்சு மேக்ரோ கடிதத்தோடு கடிதமாய் வந்து உலகத்தைக் கலக்கியதை மறக்கலாமா? மேக்ரோ உங்கள் பேரில், உங்கள் அதிகாரத்தில் ஓடுவது. முகம் தெரியாதவர் அனுப்பினால் கதவைத் திறக்காதீர்கள். தெரிந்தவர் அனுப்பினாலும், "நீங்கள்தானே அனுப்பினீர்கள்?" என்று ஒரு வார்த்தை டெலிபோனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நம் தமிழுக்கே வரும் ஒரு தொல்லை. ரசீதில் "பெற்றுக்கொண்டோம், நன்றி" என்று தமிழில் போட ஆசைப்பட்டு, விண்டோஸில் மேக்ரோ எழுதும் ஜன்னலில் தமிழைத் தட்டினால், வரிசையாய்க் கேள்விக் குறிகள் வந்து நிற்கும்! நம்மையே கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். காரணம் இதுதான். அந்த ஜன்னல் பழைய காலத்து எழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. அந்தப் பட்டியல்களில் தமிழுக்கு விண்டோஸ் இடமே ஒதுக்கவில்லை. தமிழ் அதற்குப் பின் வந்த யூனிகோட் முறையில்தான் விண்டோஸில் குடியேறியது. ஆனால் கணக்குத் தாளின் கட்டங்களுக்கு யூனிகோட் தெரியும். ஆகவே, தமிழ் வாசகங்களையெல்லாம் தாளில் ஒரு மூலையில் எழுதி வைத்துவிட்டு, "அந்தக் கட்டத்தில் இருப்பதை எடுத்துப் போடு" என்று மேக்ரோவுக்குச் சொல்லுங்கள். இரு வீட்டிலும் தமிழ் தமிழாகவே வரும். ரசீது வாசகத்தை நாளைக்கு மாற்ற வேண்டுமென்றாலும் மேக்ரோவைத் தொட வேண்டியதில்லை.

"எல்லாவற்றையும் இரு வீட்டுக்கும் பொதுவாக எழுத முடியுமா? சில காரியத்துக்கு அந்தந்த வீட்டு வழிதானே உண்டு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. வி.பி.ஏ. மொழியில் 'இஃப்' என்ற நிபந்தனைச் சொல்லுக்கு முன்னால் ஒரு 'ஹாஷ்' குறி போட்டு, 'மேக் என்றால் இது, இல்லாவிட்டால் அது' என்று எழுதலாம். குறி போடாத சாதாரண 'இஃப்'புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சாதாரண 'இஃப்'பில், யந்திரம் இரண்டு பகுதியையும் முதலில் படித்துப் பார்க்கும். தனக்குப் புரியாத வரியைக் கண்டால் ஓடுவதற்கு முன்பே மக்கர் செய்யலாம். 'ஹாஷ்' போட்டால் தனக்கு வேண்டாத பகுதியை அது திரும்பியே பாராது. ஆனால் இந்த 'ஹாஷ் இஃப்'பை மேக்ரோ முழுவதும் கடுகு தாளிக்கிற மாதிரித் தூவாதீர்கள். வீட்டு விஷயங்களையெல்லாம் ஒரே இடத்தில், தனிப் பகுதியாய் எழுதுங்கள். கணக்கு விஷயங்கள் இன்னொரு பகுதியில் இருக்கட்டும். வீடு மாறினால் திருத்த வேண்டியது ஒரு பக்கம்தான்.

விண்டோஸ், மேக் தவிர வேறு வீடுகளும் இருக்கின்றன. லினக்ஸ் யந்திரங்களில் அநேகமாய் லிப்ரே ஆபீஸ்தான் இருக்கும். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதன் சொந்த மேக்ரோ மொழி வேறு. ஆனாலும் எக்ஸெல் மேக்ரோவை ஓரளவு புரிந்துகொள்ளும். புதிதாய் வந்தவரின் பாஷையைப் பாதி புரிந்துகொண்டு தலையாட்டுகிற மாதிரி. லினக்ஸில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. இங்கிலீஷ் பேர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் அது வேறு தஸ்தாவேஜு என்று எடுத்துக்கொள்ளும். கூகிள் தாளுக்கோ மேக்ரோ மொழியே ஜாவா ஸ்கிரிப்ட் வகையைச் சேர்ந்தது, வி.பி.ஏ. அங்கே செல்லாது. கைத் தொலைபேசியில் இருக்கும் எக்ஸெலிலும், இணையத்தின் வழியாய்த் திறக்கும் எக்ஸெலிலும் தாள் தெரியும், கணக்குத் தெரியும், பொத்தான்கூடத் தெரியலாம்; வி.பி.ஏ. மேக்ரோ மட்டும் ஓடாது.

வீடே இருந்தும் சமையலறையை இடித்துவிட்ட கதை ஒன்றும் நடந்திருக்கிறது. மேக் யந்திரத்தின் உள்ளே இருக்கும் மூளைச் சில்லை, 'பவர் பி.சி.'யிலிருந்து இன்டெல்லுக்கு மாற்றப் போவதாய் 2005ல் ஆப்பிள் அறிவித்தது. மேக்கில் வி.பி.ஏ.யின் உட்புறம் பழைய சில்லுக்கென்றே இழைத்துக் கட்டப்பட்டிருந்தது. அதைப் பெயர்த்துப் புதிதாய்க் கட்டினால் அடுத்த பதிப்பு வெகு நாள் தாமதமாகும் என்று மைக்ரோஸாப்ட் கருதியது. "அடுத்த மேக் பதிப்பில் வி.பி.ஏ. இராது" என்று 2006 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. அப்படியே 2008 ஜனவரியில் ஆபீஸ் 2008 மேக்ரோ இல்லாமல் வந்து சேர்ந்தது. வருஷக் கணக்காய் எழுதிச் சேர்த்தவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் பழைய ஆபீஸ் 2004ஐ விடாமல் பிடித்துக்கொண்டார்கள். சிலர் ஆப்பிளின் சொந்த மொழியில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினார்கள். சிலர் மேக்குக்குள்ளேயே விண்டோஸை வைத்து ஓட்டினார்கள். 2008 மே மாதத்திலேயே, "அடுத்த பதிப்பில் திரும்பக் கொண்டு வருகிறோம்" என்று மைக்ரோஸாப்ட் சொல்லவேண்டி வந்தது. 2010 அக்டோபரில் வந்த ஆபீஸ் 2011ல்தான் அது திரும்பியது.

அந்த இரண்டே முக்கால் வருஷத்தில் ஒன்று கவனிக்கத் தக்கது. மேக்ரோ ஓடவில்லையே தவிர, கட்டங்களில் எழுதிய சாதாரணச் சூத்திரங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. இன்றைக்கும் அப்படித்தான். விண்டோஸ், மேக், லிப்ரே ஆபீஸ், கூகிள் தாள், கைத் தொலைபேசி எதில் திறந்தாலும் கூட்டலும், 'சம் இஃப்ஸ்' போன்ற நிபந்தனைக் கூட்டலும் அதே விடையைத்தான் தரும். ஆகவே, சூத்திரத்தால் ஆகக்கூடியதை மேக்ரோவிடம் கொடுக்காதீர்கள். தண்ணீர் லாரிச் செலவைப் பங்கு பிரிப்பதும், பாக்கியைக் கழிப்பதும் சூத்திரத்தின் வேலை. ரசீதுகளை ஒவ்வொன்றாய் எடுத்து அச்சுக்கு அனுப்புவது மட்டும் மேக்ரோவின் வேலையாய் இருக்கட்டும். அப்படிச் செய்திருந்தால், பொத்தான் நின்ற அந்த முதல் தேதியன்றும் காவல்காரர் சம்பளம் எவ்வளவு, கையில் பணம் எவ்வளவு என்பது தாளிலேயே தெரிந்திருக்கும். ரசீதுதானே? சாயங்காலம் கையால் எழுதிக் கொடுத்தால் போகிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். கணக்குத் தாளின் முதல் பக்கத்தில், இந்தப் பொத்தான் என்னென்ன செய்கிறது என்பதை நல்ல தமிழில், படிப்படியாய், பத்து வரியில் எழுதி வையுங்கள். 'முதலில் பாக்கி உள்ள வீடுகளைப் பொறுக்கு. பிறகு ரசீது எண் போடு' என்கிற மாதிரி. நம் பாட்டிமார் ஊறுகாய்க்கு அளவு சொல்லாமலே போய்ச் சேர்ந்து, நாம் இன்றைக்கும் அந்த ருசியைத் தேடிக்கொண்டிருக்கிறோமல்லவா? அந்தக் குறை நம் கணக்குக்கு வரவேண்டாம். அந்தப் பத்து வரி இருந்தால், அடுத்து வருகிறவர் எந்த யந்திரத்திலும், எந்த மொழியிலும் அதே வேலையை மறுபடி எழுதிக்கொள்வார். யந்திரமே இல்லாவிட்டாலும் காகிதத்தில் செய்துவிடுவார். பொறுப்பை ஒப்படைக்கும்போது முப்பதாந் தேதி ராத்திரி ஒப்படைக்காமல், இருபதாந் தேதி வாக்கில் அவர் வீட்டுக்கே போய், அவருடைய யந்திரத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அசல் தாளை விட்டுவிட்டு நகலில் ஓட்டுங்கள். எது உதைக்கிறதென்று தெரிந்துகொள்ளப் பத்து நாள் அவகாசம் கிடைக்கும். ஒரு வாய் காப்பியும் கிடைக்கும்!

"இவ்வளவும் யார் செய்வது?" என்று மலைக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் மேக்ரோவைத் திறந்து, 'சி' டிரைவின் பேர் எங்கேயாவது வருகிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள். வந்தால் அந்த வரியை மேலே சொன்ன இரண்டு கேள்வியாய் மாற்றி எழுதுங்கள். டிக்ஷனரியை அதற்கடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.